இரண்டு கையாலும் வரைகிறவள்

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறுகிற பஸ், இதற்கு மேல் நம்மால் ஆகாது என்று திரும்பி நிற்கும் இடம் கிளென்ஆர்டன் தோட்டம். அங்கே மேல் டிவிசனில் இசபெல் என்று ஒருத்தி இருக்கிறாள். நாற்பத்தாறு வயது. கொழுந்து எடுக்கிறவள், படம் வரைகிறவள். இரண்டையும் அவள் வேறு வேறு தொழிலாக நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டையும் இரண்டு கையால் செய்கிறாள்.

படிக்கிற காலத்தில் மற்றப் பிள்ளைகளைப்போல ஒரு கையால்தான் வரைந்தாள். அதில் ஒன்றும் தேறவில்லை. ஒருமுறை பஸ் வரைந்து கொடுத்தாள். வாத்தியார் அதை யானை என்று நினைத்து நல்ல மார்க் போட்டார். இசபெல் திருத்தவில்லை. பதினெட்டு வயதில் பெயர் பதிந்து மலைக்குப் போனாள். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கிற சரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அங்கே அவள் கைகள் வேறு பாடம் படித்தன. இடது கை இந்தப் பக்கத்துக் கொழுந்தைக் கிள்ளும்போதே வலது கை அந்தப் பக்கத்தைக் கிள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்பி, தோளுக்குப் பின்னால் கூடையில் கொட்ட வேண்டும். கண் கையைப் பார்க்காது. அடுத்த செடியைப் பார்க்கும். பல வருஷம் இப்படியே போனதில் ஒரு கை அசைந்தால் மற்றது தானாக அசையத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போனால் மற்றக் கையும் காற்றில் ஒரு கோப்பையை எடுத்தது.

ஒரு வருஷம் அவள் குடியிருந்த லயத்துக்குத் தோட்டம் வெள்ளையடித்தது. பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிற நீளக் கட்டடம். வெள்ளையடித்ததும் ஒரு மாதத்துக்குப் புதிதுபோல இருந்தது. வீட்டுக்குள் தொங்கிய இயேசுவின் படம் ஈரத்தில் ஊறி, முகம் எங்கே தாடி எங்கே என்று தெரியாமல் போயிருந்தது. புருஷன் ஜூட்சன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் புதுப் படம் வாங்கி வருகிறேன் என்பான். வரும்போது பாண் ரொட்டி வாங்கி வருவான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இசபெல் அடுப்பிலிருந்து கரித்துண்டு இரண்டு எடுத்தாள். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றாள்.

எதற்கு இரண்டு எடுத்தாய் என்று பிற்காலத்தில் பல பேர் அவளைக் கேட்டார்கள். ஒரு கை சும்மா தொங்கினால் கண்டாக்கு ஏசுவாரே என்று சொன்னாள். கண்டாக்கு என்பது மலையில் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர். அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

நெற்றி உச்சியில் இரண்டு கையும் ஒன்றாகத் தொடங்கின. தலைமயிர் வழியாக இரண்டு பக்கமும் இறங்கின. காதைச் சுற்றின, தாடியில் நடந்தன, நாடியில் வந்து சந்தித்தன. பிறகு இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறந்தன. ஜூட்சன் வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு இது?"

"இயேசு."

"ரெண்டு பக்கமும் அச்சா ஒன்னாயிருக்காரே. மனுசங்க யாரும் அப்படி இருக்கிறதில்லையே."

"அவரு கொறையில்லாதவருங்க."

ஜூட்சன் யோசித்தான். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டான்.

வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் பத்திநாதன் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபத்தில் ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார். அடுத்த மாதம் தோட்டத்துச் சின்னக் கோயில் சுவரில் மாதாவை வரையச் சொன்னார். கரி போய் வர்ணம் வந்தது. இரண்டு தூரிகை, இரண்டு டப்பா. மாதாவும் நேராகப் பார்த்தாள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவள் உங்களைத்தான் பார்க்கிறாள் என்று பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்து பழகியவர்கள் முன்வரிசைக்கு மாறினார்கள்.

செய்தி அம்மன் கோயில் பக்கம் போனது. கோயில் தலைவர் செல்லசாமி ஒரு மாலை வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்க வேதக்காரங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நம்ம அம்மனும் நேராத்தான் பாப்பா. நீங்க நேரா பாக்கிற சாமி நல்லா போடுறீங்களாம்."

"ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுர்றேன் அண்ணே."

ஃபாதர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "கும்பிடுறதுதான் பிரச்சன. வரையுறதப் பத்தி எங்கயும் எழுதல" என்றார். சுவரில் கை வைக்கிற நாட்களில் மச்சம் மாமிசம் கூடாது என்று செல்லசாமி நிபந்தனை போட்டார். அது தவக்காலமாக இருந்தபடியால் இசபெல் ஒரே விரதத்தை இரண்டு பக்கத்துக்கும் கணக்கு வைத்தாள். அம்மன் எட்டுக் கையோடு வந்தாள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இசபெல்லுக்கு அதைவிட வசதியான சாமி கிடையாது.

வசதியில்லாத சாமி பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். சந்தியாகப்பர், குதிரையில் வருகிறவர். இசபெல்லுக்குப் பக்கவாட்டு முகம் வராது. இரண்டு கைக்கும் சமமாக வேலை இல்லாத எதுவும் வராது. அதனால் குதிரையும் நேராகப் பார்த்தது. நேராகப் பார்க்கிற குதிரை குதிரையாகத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் சுற்று வட்டாரத்துக்குத் தெரிந்தது. நாய் என்றார்கள், ஆடு என்றார்கள். ஒரு வயதான மனுஷி, அது கதவு, சந்தியாகப்பர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார் என்று நினைத்து மெழுகுதிரி வைத்துவிட்டுப் போனார். திருநாள் அன்றைக்கு அதன் மேல் பூமாலையை நிறையத் தொங்கவிட்டுச் சமாளித்தார்கள்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு குளவி கொட்டியது.

பதினாலாம் நம்பர் மலையில் மரத்தில் ஒரு கூடு இருந்தது. எல்லோருக்கும் தெரியும். பருந்து கலைத்தது என்று சிலர் சொன்னார்கள், காற்று என்று சிலர். யார் கலைத்தாலும் குளவி கேட்டுக்கொண்டு கொட்டுவதில்லை. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு கீழ்ப்பக்கமாக ஓடினார்கள். இசபெல்லும் ஓடினாள். சாக்கு கண்ணை மூடியதால் மழைத்தண்ணி ஓடுகிற கான் முன்னால் இருப்பது தெரியவில்லை. வலது கை அடியில் மடங்க, கானுக்குள் விழுந்தாள். விழுந்தவளை விட்டுவிட்டு ஓடாமல் திரும்பி வந்தவள் மீனம்மா ஒருத்திதான். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள், வயதில் மூத்தவள். தன் சாக்கால் இருவரையும் மூடிக்கொண்டு அவள் மேலேயே படுத்துவிட்டாள். இருவருக்கும் சேர்த்து வாங்கிய கொட்டுகளால் மீனம்மாவின் முதுகு கிழங்குச் சாக்குபோல வீங்கியது.

ஆஸ்பத்திரியில் மேற்கை எலும்புக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் அதை ஒட்டிப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது, அது தன்பாட்டுக்குத்தான் வரும் என்று டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். எப்போது வரும் என்று ஜூட்சன் கேட்டான். "ஹெமின், ஹெமின்" என்றார் டாக்டர். மெதுவா, மெதுவா.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு தொங்கியது. கையை நீட்டினால் விரல்கள் தலையைக் குனிந்துகொண்டன. தோள் நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. இசபெல் இதற்கெல்லாம் அழவில்லை. பூசையில் ஜெபப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப முடியாமல் போனபோது மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலை பின்ன முடியவில்லை. ஜூட்சன் பின்னிவிட்டான். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பட்டி மாட்டுகிற கை. இழுத்த இழுப்பில் அவள் புருவம் இரண்டும் மேலே ஏறி, நாள் முழுக்க எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவள் மாதிரி இருந்தாள்.

கொழுந்து எடுக்க முடியாது என்பதால் தோட்டம் அவளைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றியது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அங்கே குழந்தைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில் அவள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் இடது கையால் மட்டும் வரையப் போனாள். அது சுவர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. கூட வரவேண்டிய ஆள் வராமல் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நிற்கிறவளைப்போல நின்றது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கடைசியில் ஜூட்சனிடம் சொல்லி வலது உள்ளங்கையில் கரித்துண்டைத் துணியால் கட்டிக்கொண்டாள். அது கூட வந்தது. வந்ததா என்றால் வந்தது. இடது கை ஒரு கண்ணை முடித்துவிட்டுக் காத்திருக்க, வலது கை நடுங்கி நடுங்கி, கொஞ்சம் கீழே, கொஞ்சம் பிந்தி இன்னொரு கண்ணைப் போட்டது. வாய் ஒரு பக்கம் நேராகப் போய் மறுபக்கம் சரிந்தது. வரைந்தது மாதாவை. இசபெல் ஈரத் துணியை எடுத்து மாதாவைத் துடைத்தாள். மறுநாளும் வரைந்தாள், துடைத்தாள். இந்த முகத்தை யாரும் கும்பிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஃபாதருக்கும் செல்லசாமிக்கும், இனிமேல் சாமி வராது என்று சொல்லி அனுப்பினாள். இருவரும் தனித்தனியாக வந்து ஆறுதல் சொன்னார்கள். இருவரும் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள்.

ஒரு மத்தியானம் பேத்தியைப் பார்க்க வந்த மீனம்மா, துடைக்கிறதுக்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள். மீனம்மாவுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் முகவாதம் வந்து, இடது கடைவாய் கீழே இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் போட்டோவுக்கு நின்றதில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றைத் தவிர. அதை எடுக்கும்போது அதிகாரி, வாயை மூடிக்கொண்டு நில்லுங்க என்று சொன்னாராம். மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"இசபெல்லு, என்னைய வரை."

"இப்ப என் கைக்கு ஒழுங்கா வராதுக்கா. கோணிக்கிட்டுப் போவும்."

"கோணட்டும். எனக்குத் தனியா கோண வைக்கவா வேணும்?"

அவளைச் சாய்வில்லாமல் உட்காரவைத்து வரைந்தாள். இதுவரைக்கும் இசபெல் உயிரோடு இருக்கிற ஒருத்தரை வரைந்ததில்லை. சாமிக்கு முகம் மனசில் இருக்கும். இங்கே நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. இடது கை மீனம்மாவின் நல்ல பக்கத்தை ஒரே இழுப்பில் போட்டது. வலது கை கடைவாய்க்கு வந்தபோது தானாகவே இறங்கியது. முடிந்ததும் மீனம்மா எழுந்து வந்து பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"நாந்தான்" என்றாள். இன்னும் கிட்டக் குனிந்து பார்த்து, "மூக்கு கொஞ்சம் பெருசு" என்றாள்.

"மூக்கு உங்களுக்குப் பெருசுதாங்க்கா."

"அதுவும் சரிதான்."

அந்தப் படத்தை அவள் துடைக்க விடவில்லை. பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லோர் முகமும் எங்கேயோ ஒரு இடத்தில் சமமில்லாமல்தான் இருந்தது. ஒருத்திக்குப் புருவம், ஒருத்திக்குக் கூடைக் கயிறு அழுத்திய நெற்றி, ஒருத்திக்குத் தோள். இசபெல்லின் வலது கை அந்த இடங்களைத் தேடிப் போகவில்லை. வழி தவறிப் போய் அங்கே நின்றது. பிள்ளைக்காம்பராச் சுவரில் தாய்மாரின் முகங்கள் வரிசையாக, தவழுகிற பிள்ளையின் உயரத்தில் வந்தன. அதற்கு மேலே அவள் கை எழும்பாது. பிள்ளைகள் தங்கள் தாயின் முகத்தைக் கண்டுபிடித்து, எச்சில் கையால் தடவி அழித்தார்கள். இசபெல் மறுபடி வரைந்தாள். மறுபடி வரைந்தால் வேறு மாதிரி வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. முகம் நாளுக்கு நாள் மாறத்தானே செய்கிறது.

கிருஷாந்தி என்று ஒரு பெண் ஹட்டனில் சித்திரம் படிப்பிக்கிறவள். முன்பள்ளிகளைப் பார்க்க வந்த குழுவோடு வந்து அந்தச் சுவரைப் பார்த்தாள். மற்றவர்கள் குழந்தைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருக்க, இவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நகர்ந்தாள். அவளுக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். கொழும்பில் ஒரு கண்காட்சி நடக்கிறது, அங்கே மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நின்று பெரிய சுவரில் ஒரு படம் போட முடியுமா என்று கேட்டாள். இசபெல் மீனம்மாவும் வந்தால் வருகிறேன் என்றாள். ஜூட்சனுக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை.

பெயர் அட்டையில் என்ன போடுவது என்ற பேச்சு வந்தது.

"ஓவியர் இசபெல்னு போடுறேன் அக்கா. சரியா?"

"ஓவியர்னா இதுக்குன்னு படிச்சவங்க இல்லையா மிஸ்? தோட்டத்துல என்னைய தொழிலாளின்னுதான் போட்டிருக்காங்க."

"தொழிலாளின்னு போட்டா அத மட்டுந்தான் பாப்பாங்க அக்கா. படத்தப் பாக்க மாட்டாங்க."

மீனம்மா குறுக்கிட்டாள். "என்னத்தையாவது போடுங்க. மேல் டிவிசன்னு மறக்காமப் போடுங்க. இல்லாட்டி கீழ் டிவிசன்காரவுங்க தங்க ஆளுன்னு சொல்லிக்குவாங்க."

அப்படியே முடிவானது. இசபெல், கிளென்ஆர்டன் தோட்டம், மேல் டிவிசன். மூன்று மொழியில் அட்டை அடித்தபோது கொழும்பில் யாரோ அதை ஆங்கிலத்தில் உயர் பிரிவு ஓவியர் என்று மாற்றிவிட்டார்கள். அரசாங்கத்தில் அப்படி ஒரு தரம் இருக்கிறது என்று நினைத்த இரண்டு பேர் அவளுக்குக் கை கொடுத்தார்கள்.

போவதற்கு முதல் வாரம் கிருஷாந்தி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, அவங்க இன்னொன்னு கேட்டாங்க. சொல்லாமலே விட்டிரலாம்னு பாத்தேன்."

"சொல்லுங்க."

"கூடைய மாட்டிக்கிட்டு, மலைக்குப் போற உடுப்போட நின்னு வரைவீங்களான்னு."

இசபெல் கோபப்படவில்லை. செய்ய முடியுமா என்றுதான் யோசித்தாள். "கூடைய மாட்டுனா கயிறு தலைய இழுக்கும். கழுத்து முன்னால குனியும். கண்ணு செவத்தப் பாக்காது, தரையப் பாக்கும். தரையில வரையச் சொல்றாங்களா?"

"இல்லக்கா." கிருஷாந்தி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். "எங்க அம்மாவும் பொகவந்தலாவையில கொழுந்து எடுத்தவங்கதான். ஸ்கூல் கலைவிழா ஒவ்வொன்னுலயும் எனக்குக் கூடையத்தான் மாட்டி விட்டாங்க. ஒரு தடவ தேவதை வேசம் கேட்டேன். தேவதைக்குக் கூடை இல்லையேன்னுட்டாங்க. நான் முடியாதுன்னு சொல்லிர்றேன்."

"முடியாதுன்னு சொல்லாதீங்க. கழுத்து குனியும்னு சொல்லுங்க. அதுதான் காரணம்."

பூசைக்குக் கட்டுகிற நீலச் சேலையோடு இசபெல் கொழும்புக்குப் போனாள். மீனம்மாவுக்கு அந்த ஊர் பிடிபடவில்லை. "நடந்தா ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. வந்து சேந்தமா இல்லையான்னே தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மண்டபத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

சுவர் இரண்டு ஆள் உயரம். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். இசபெல் இரண்டு கையிலும் கரியோடு நடுவில் நின்றாள். வலது கையில் துணிக்கட்டு. ஒரு பெண்ணை முழு உயரத்துக்கு வரைவதென்று வந்திருந்தாள். பிள்ளைக்காம்பராவில் எப்போதும் உட்கார்ந்து, தாழ்வாக, முகத்தை மட்டும்தான் வரைந்திருக்கிறாள். நின்று வரையும்போது என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. இடது கை தலைக்கு மேலே போனது. வலது கை நெஞ்சுக்கு வந்து நின்றது. அதற்கு மேலே தோள் விடவில்லை. இடது கை ஒரு தோளைப் போட்டுவிட்டது. வலது கை தனக்கு எட்டிய இடத்தில், ஒரு முழம் கீழே, அடுத்த தோளைப் போட்டது. இடுப்பும் அப்படியே. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. பெண் சுவரில் சரிந்துகொண்டிருந்தாள்.

இசபெல்லுக்குக் காது சூடானது. துடைக்கலாம் என்றால் ஈரத் துணி இல்லை. இத்தனை பேர் முன்னால் சேலையால் துடைக்கவும் முடியாது. கூட்டம் ரொம்ப மரியாதையாக மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் பின்னாலிருந்து மீனம்மாவின் குரல் கேட்டது. மலையில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் பேசுகிற குரல், மண்டபத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

"பதினாலாம் நம்பர் மலையில நிக்கிறா பாரு!"

இசபெல் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்கு நடுவே நடந்து மண்டபத்தின் மறுகோடிக்குப் போய் நின்று சுவரைப் பார்த்தாள். சரிவில் யாரும் நேராக நிற்பதில்லை. மேல் கால் மடங்கும், கீழ்க் கால் நீளும், இடுப்பு ஒரு பக்கம் தள்ளும், தோள் அதற்கு ஈடு கொடுக்கும். பதினெட்டு வயதிலிருந்து அவள் அப்படித்தான் நின்றிருக்கிறாள். ஆனால் வரைந்தவர்களையெல்லாம் சிமெந்துத் தரையில் நிறுத்தியிருக்கிறாள். அங்கியும் சேலையும் தரைவரைக்கும் இருந்தபடியால் ஒருத்தருக்கும் கால்கூடப் போட்டதில்லை.

திரும்பி வந்து கீழே குந்தினாள். மேலே ஒரு பாதம், கீழே ஒரு பாதம் போட்டாள். இரண்டையும் வெறுங்காலாகப் போட்டாள். விரல்கள் மண்ணைப் பிடித்தன. எழுந்து, "முடிஞ்சுது" என்றாள். கைதட்டினார்கள். கைதட்டு ஓயும்வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் வலது கையிலிருந்த துணிக்கட்டைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் இருவரும் தூங்கிவிட்டார்கள். கினிகத்தேனைக்கு மேலே வளைவுகள் தொடங்கியதும் மீனம்மா கண்ணைத் திறக்காமலே, "ஊரு வந்திருச்சுன்னு இடுப்பு சொல்லுது" என்றாள். இசபெல் ஜன்னலில் தலையை வைத்து அழுதாள். ஏன் என்று மீனம்மா கேட்கவில்லை. அது துக்கம் இல்லை என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சாய்ந்த பெண்ணின் படம் போன்களில் சுற்றியது. அதே காலத்தில்தான் கை தேறத் தொடங்கியது. கிளினிக்கில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதவு நிலைக்கு மேலே ஒரு கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்து, நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தூக்க வேண்டும். சோறு கொதிக்கிற நேரத்தில் இசபெல் கதவடியில் நின்று மணி அடிக்கிறவளைப்போல இழுத்தாள். நரம்பு டாக்டர் சொன்னபடி ஹெமின் ஹெமின் என்று வந்தது. முதலில் மணிக்கட்டு நிமிர்ந்தது. பிறகு புத்தகத்தின் பக்கம் திரும்பியது. ஒரு காலை அவளே தலையைப் பின்னிக்கொண்டாள். ஜூட்சனுக்கு முகம் வாடியது.

"இப்பத்தான் கை படிஞ்சு வந்துச்சு. நான் பழகுனது வீணா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் நீங்க பின்னுங்க" என்றாள்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருந்து யோகேஸ்வரன் என்று முகாமையாளர் ஒருவர் வந்தார். முன்மண்டபத்துச் சுவரில் அந்தக் கொழும்புப் பெண்ணைப்போலவே ஒருத்தி வேண்டும் என்றார். போனில் படத்தைக் காட்டினார். இசபெல் போய் வரைந்தாள். கை இப்போது தலைவரைக்கும் எழும்பியது. பெண் ஏறக்குறைய நேராக நின்றாள்.

யோகேஸ்வரன் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா அந்தச் சாய்வு இல்லையேம்மா."

"அது அந்தக் கை வரைஞ்சதுங்க ஐயா. அந்தக் கை இப்ப இல்ல."

"வேணும்னே கொஞ்சம் சாய்ச்சுப் போடலாமே?"

அதையும் அவள் முயன்று பார்த்தாள். வலது தோளைப் பிடித்துவைத்து, கையை நடுங்க வைத்துப் போட்டாள். நொண்டியை நடித்துக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் வருகிற கூச்சம் அவளுக்கு வந்தது. துணியை நனைத்துத் துடைத்தாள். "இது நல்லதில்லீங்க. இப்ப உள்ள கைக்கு வர்றதப் போடுறேன். பிடிக்காட்டி வெள்ளையடிச்சிருங்க" என்றாள். யோகேஸ்வரன் வெளியே போய் முதலாளியோடு போனில் பேசிவிட்டு வந்து, போடச் சொன்னார். அந்தப் பெண் இப்போது அங்கே நிற்கிறாள். வருகிறவர்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது, காரணம் தெரியாமலே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார்களாம்.

கை தேறிய செய்தி தோட்டத்து ஆபீசுக்கும் போனது. தேறிய கைக்குப் பிள்ளைக்காம்பராவில் இடமில்லை. நாளைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, வந்து நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இசபெல் படங்குச் சாக்கைத் தேடி எடுத்து வெயிலில் போட்டாள்.

மலையில் அவள் பழைய வேகத்துக்கு வரவில்லை. இடது கையும் வலது கையும் இப்போது ஒரே நேரத்தில் போவதில்லை. வலது கை அரை மூச்சு பிந்துகிறது. இடது கை அதற்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரையும்போதும் அப்படித்தான். ஒரு கை பெண்ணின் தோளில் இருக்க மற்றது தன்பாட்டுக்குத் தேயிலைச் செடியில் இறங்கிவிடுகிறது. இப்படி ஒன்று வருமென்று அவள் நினைத்திருக்கவில்லை. முதல்முறையாகப் பக்கவாட்டில் திரும்பிய முகம் ஒன்றும் வந்திருக்கிறது. காது இன்னும் சரியாக வரவில்லை.

போன வாரம் ஏழாம் நம்பர் மலையில், நிரையின் நடுவே கையை நிறுத்திவிட்டு அவள் நின்றாள். மேலே இருந்து கண்டாக்கு நிரஞ்சன் பார்த்துவிட்டார். புதிதாக வந்தவர், சின்ன வயது.

"இசபெல் அக்கா! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"மீனாக்கா காலப் பாக்குறேங்க ஐயா."

நிரஞ்சனுக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "காலெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

மீனம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டே, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, மேல் காலை இன்னும் ஒரு படி மேலே எடுத்து வைத்து நின்றுகொண்டாள்.